கல்லாக இறுகிய பிரேக் பெடல்: பழைய காரில் பழுதைத் தேட வேண்டிய வரிசை

பிரேக் பெடல் இறுகிவிட்டது என்றவுடன் பலரும் முதலில் வாங்குவது, எஞ்சினின் வேக்குவத்தால் (உறிஞ்சு விசையால்) கால்பலத்தைக் கூட்டித்தரும் பூஸ்டரைத்தான். புதிய பூஸ்டரைப் பூட்டிய பிறகும் பெடல் அப்படியே இருந்தால் பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றுகிறார்கள். அதன் பிறகு எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்பதே தெரியாமல் போய்விடுகிறது. கீழே உள்ள வரிசை, எதையும் கழற்றாமல் செய்யக்கூடிய சோதனைகளை முதலிலும் பிரேக் ஆயில் குழாயைத் திறக்கும் சோதனைகளைக் கடைசியிலும் வைக்கிறது. குழாயை ஒருமுறை திறந்தால் காற்று உள்ளே புகுந்து பெடலை மெத்தென்று ஆக்கிவிடும் என்பதே இதற்குக் காரணம். நாம் தேடிக்கொண்டிருந்த இறுக்கம் அதோடு மறைந்துபோகும். பழுது மட்டும் அப்படியே இருக்கும்.

1. எந்த வகை இறுக்கம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

‘பெடல் ஹார்டாக இருக்கிறது’ என்ற ஒரே புகாருக்குள் மூன்று வேறு பழுதுகள் ஒளிந்திருக்கும். முதல் வகையில், பெடல் வழக்கமான உயரத்தில் இருக்கும். முழு பலத்துடன் மிதித்தாலும் கார் தயங்கித் தயங்கித்தான் நிற்கும். இது பூஸ்டரின் உதவி இல்லாததையோ, லைனிங் (டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டை) பிடிக்காததையோ, அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராததையோ காட்டும்.

இரண்டாம் வகையில், புறப்படும்போது சரியாக இருக்கும் பெடல் ஓட ஓட உயர்ந்து இறுகும்; கார் தானாகவே பிடித்து இழுப்பது போலிருக்கும்; சக்கரங்கள் சுடும். இது குழாய்க்குள் அழுத்தம் சிக்கிக்கொள்வதன் அடையாளம். இந்த வகைக்கு நேராக 8ஆம் பகுதிக்குச் செல்லலாம்.

மூன்றாம் வகையில் பெடல் கனமாக இருக்கும், ஆனால் கார் நன்றாகவே நிற்கும். பூஸ்டர் இல்லாமலே தயாரான பழைய கார்களில் இது இயல்பு. இன்றைய காரை ஓட்டிப் பழகிய கால், பழைய காரின் பெடலைப் பழுது என்றே எண்ணும். எஞ்சின் அறையின் பின்சுவரில் மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்னால் வட்டமான தகர டப்பா போன்ற பூஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் அது தனியாகப் பக்கவாட்டுத் தகட்டில் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டு இடத்திலும் இல்லையென்றால் 4, 5, 6ஆம் பகுதிகள் உங்களுக்குத் தேவையில்லை.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வேக்குவம் கேஜ் ஒன்று, அதை இணைக்க டி வடிவ இணைப்பு, பிரேக் குழாய் நட்டுகளுக்கான பிளேர் ஸ்பேனர், ஜாக், நான்கு ஸ்டாண்டுகள், சக்கரக் கட்டைகள், பிளீடரில் (சக்கரத்தருகே ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் திருகில்) மாட்டும் ஒளி ஊடுருவும் குழாய், ஒரு கண்ணாடிப் புட்டி, திறக்காத புதிய பிரேக் ஆயில் டப்பா ஆகியவை வேண்டும். பெடலை மிதிக்க ஓர் உதவியாளரும் வேண்டும். சாதாரண ஸ்பேனரைக் கொண்டு பழைய குழாய் நட்டைத் திருகினால் அதன் முனைகள் மழுங்கிவிடும். பிறகு குழாயையே மாற்ற நேரும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஜாக்கின் மேல் மட்டும் நிற்கும் காரின் அடியில் போகாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாமல், முகக்கவசம் அணிந்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பழுது தெரியும்வரை காரைச் சாலையில் ஓட்டக் கூடாது. இரண்டாம் வகைப் பழுதை உருவாக்கிப் பார்க்கக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டியிருந்தால், அதை மூடிய மைதானத்தில் மெதுவாகச் செய்யுங்கள்.

3. பெடலும் அதன் கம்பியும்

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலைக் கையால் அழுத்துங்கள். காலுக்குத் தெரியாத உராய்வு கைக்குத் தெரியும். பெடல் தொங்கும் அச்சில் துருவோ காய்ந்த கிரீஸோ இருந்தால், அழுத்தும்போது மட்டுமல்லாமல் விடும்போதும் பெடல் தயங்கித்தான் வரும். இந்த இரண்டாவது தயக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும்; பூஸ்டர் பழுதில் பெடல் விறுவிறுப்பாகத் திரும்பிவரும்.

தரைவிரிப்பு பெடலுக்கு அடியில் மடிந்து கிடப்பதும், புதிதாகப் போட்ட தடித்த ஒலித்தடுப்புப் பஞ்சு பெடலின் கையைத் தடுப்பதும் நகைப்புக்குரிய காரணங்களாகத் தோன்றலாம். ஆனால் உள்அலங்காரம் புதுப்பித்த கார்களில் இதை முதலில் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

4. பூஸ்டருக்கு மூன்று சோதனைகள்

மூன்றையும் இதே வரிசையில் செய்யுங்கள். முதல் சோதனை பூஸ்டர் வேலை செய்கிறதா என்பதைச் சொல்லும். அடுத்தவை எங்கே கசிகிறது என்பதைச் சொல்லும்.

முதலாவது: எஞ்சின் நிறுத்தப்பட்ட நிலையில் பெடலை ஐந்தாறு முறை மிதித்து, உள்ளே மிச்சமிருக்கும் வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பெடலை மிதமான அழுத்தத்துடன் மிதித்தபடியே எஞ்சினை இயக்குங்கள். பெடல் காலுக்கடியில் சற்றே இறங்க வேண்டும். இறங்கவே இல்லையென்றால் பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டர் கெட்டிருக்கிறது. இவற்றில் எது என்பதை இந்தச் சோதனை சொல்லாது. புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான்; பெடல் இறங்கவில்லை என்பதை மட்டும் வைத்துப் பூஸ்டரைக் குற்றவாளியாக்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது: எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சில நிமிடங்கள் காத்திருந்து பெடலை மிதியுங்கள். முதல் மிதி இலகுவாக ஆழம் போக வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் படிப்படியாக உயர வேண்டும். முதல் மிதியே கல்லாக இருந்தால், சேமித்த வேக்குவம் செக் வால்வு (காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) வழியாகவோ பூஸ்டரின் உள்ளேயோ வெளியேறிவிட்டது.

மூன்றாவது: எஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு, விடாமலே எஞ்சினை நிறுத்துங்கள். 30 விநாடிகள் பெடல் அசையாமல் இருக்க வேண்டும். காலை மேலே தள்ளினால் கசிவு இருக்கிறது என்று பொருள்.

இவற்றோடு காதையும் பயன்படுத்துங்கள். மிதிக்கும் கணத்தில் ஒரு சிறு ‘ஸ்ஸ்’ ஒலி இயல்பானது. மிதித்துப் பிடித்திருக்கும்வரை அது தொடர்ந்து, எஞ்சினின் ஐட்லிங்கும் தடுமாறினால், உள்ளிருக்கும் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்து அதன் வழியே காற்று எஞ்சினுக்குள் போகிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம்.

5. வேக்குவத்தை அளந்து பாருங்கள்

பூஸ்டரைக் கழற்றுவதற்கு முன், அதற்குப் போய்ச்சேரும் வேக்குவத்தை எண்ணாகத் தெரிந்துகொள்வது இந்த வேலையில் மிகப் பயனுள்ள ஐந்து நிமிடங்கள். செக் வால்வுக்குப் பக்கத்தில் ரப்பர் குழாயின் பூஸ்டர் முனையில் டி இணைப்பின் வழியாகக் கேஜை மாட்டி, சூடேறிய எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். கடல்மட்டத்துக்கு அருகில், நல்ல நிலையிலுள்ள பெட்ரோல் எஞ்சின் பாதரச அளவில் ஏறத்தாழ 17 முதல் 21 அங்குலம் வரை அசையாமல் காட்டும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் ஓர் அங்குலம் குறையும். ஆகவே மலைப்பகுதியில் 15 என்று காட்டுவது எஞ்சினின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை.

இந்த எண் ஏன் முக்கியம் என்பதை ஒரு கணக்கு விளக்கும். 8 அங்குல விட்டமுள்ள டயாஃப்ரத்தின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர அங்குலம். 20 அங்குல வேக்குவத்தில் அதன் இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 9.8 பவுண்டு, அதாவது மொத்தம் 490 பவுண்டு, ஏறத்தாழ 220 கிலோ எடைக்குச் சமமான உதவி. வேக்குவம் 10 அங்குலமாகக் குறைந்தால் அந்த உதவி நேர்பாதியாகும். பூஸ்டர் புத்தம்புதிதாக இருந்தாலும் ஓட்டுபவர் பெடல் இறுகியதாகவே உணர்வார்.

அளவு குறைவாக இருந்தால், கேஜை நேரடியாக இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டி மீண்டும் அளந்துபாருங்கள். அங்கே நன்றாகவும் பூஸ்டர் முனையில் குறைவாகவும் காட்டினால் பழுது இடையிலுள்ள குழாயில். இரண்டு இடத்திலும் குறைவென்றால் எஞ்சினைக் கவனியுங்கள்: இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருப்பது, மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவது, கார்புரேட்டரின் திராட்டில் அச்சு தேய்ந்திருப்பது, வால்வு இடைவெளி மிக இறுக்கமாக இருப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். பந்தயப் பாணி கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சின்களில் ஐட்லிங் வேக்குவம் இயல்பாகவே குறையும். அவற்றுக்குத் தனி வேக்குவம் பம்ப் வைப்பதே வழி. டீசல் எஞ்சினில் வேக்குவம் பம்பிலிருந்துதான் வரும் என்பதால் மேனிஃபோல்டில் அளப்பது பொருளற்றது.

ஒரு பொதுவான தவறையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கார்புரேட்டரில் டிஸ்ட்ரிபியூட்டருக்காக உள்ள சிறு துளையில் பூஸ்டர் குழாயை மாட்டியிருக்கும் கார்கள் உண்டு. பல கார்புரேட்டர்களில் அந்தத் துளை திராட்டில் தகட்டுக்கு மேலே இருப்பதால் ஐட்லிங்கில் அங்கே வேக்குவமே இராது. பிரேக் மிதிக்கும் நேரத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்கப்பட்டிருக்கும் என்பதை நினைத்தால் இதன் ஆபத்து புரியும்.

6. குழாய், செக் வால்வு, தனித்து நிற்கும் பூஸ்டர்

வேக்குவம் குழாய் உள்ளுக்குள் சுருங்கிப்போகாத தடித்த வகையாக இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு காரில் இரண்டாவது பூஸ்டரும் பயனில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். ஹீட்டருக்கான தண்ணீர்க் குழாயை வெட்டிப் பூஸ்டருக்கு மாட்டியிருந்தார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது சரியாக இருந்தது. சூடானதும் மென்மையாகி, வேக்குவத்தின் இழுப்பில் வளைவில் தட்டையாக ஒட்டிக்கொண்டது. ஆகவே குழாயை எஞ்சின் சூடாக ஓடும்போது முழு நீளத்துக்கும் விரல்களால் தடவிப் பாருங்கள்.

செக் வால்வைக் கழற்றி, பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும். எஞ்சின் பக்கத்திலிருந்து ஊதினால் போகக் கூடாது. அதைப் பூஸ்டரில் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் விறைத்து வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

பெடலோடு சேராமல் தனியாக நிற்கும் பூஸ்டரில் பிரேக் ஆயிலே அதன் வழியாகச் செல்கிறது. அதன் உள்சீல் கெட்டால் ஆயில் வேக்குவப் பக்கத்துக்குக் கசிந்து, எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டு வெண்புகையாகப் போகும். பிரேக் ஆயில் ஊற்றும் டப்பாவில் ஆயில் குறைகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை, சைலன்சரில் வெண்புகை என்ற மூன்றும் சேர்ந்தால் வேக்குவம் குழாயைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் வேறு சோதனையே தேவையில்லை.

7. சக்கரங்கள்: கையால் சுழற்றுதல், பிறகு லைனிங்

காரை நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். உதவியாளர் பெடலை மிதமாக மிதித்திருக்க, ஒவ்வொரு சக்கரத்தையும் சுழற்றுங்கள். நான்கும் பூட்டியது போல் நிற்க வேண்டும். ஏதேனும் ஒன்று சுழன்றால் அழுத்தம் அங்கே போகவில்லை, அல்லது போயும் பிஸ்டன் நகரவில்லை. பெடலை விட்டதும் எல்லாம் தாராளமாகச் சுழல வேண்டும்.

நான்கும் நிற்கின்றன, ஆனாலும் கார் ஓடும்போது பிடிப்பு இல்லையென்றால் லைனிங்கைப் பாருங்கள். கண்ணாடி போல் பளபளக்கும் லைனிங், சீல் கசிந்து எண்ணெய் ஊறிய லைனிங், அதிக வெப்பத்துக்கென்றே தயாரிக்கப்பட்டு குளிர்ந்த நிலையில் பிடிக்காத கடினமான பேட் ஆகிய மூன்றுமே பெடலை இறுகியதாகக் காட்டும். பளபளப்பை உப்புத்தாளால் போக்கலாம். எண்ணெய் ஊறியதைக் காப்பாற்ற முயல வேண்டாம். சூடானதும் ஊறியது மறுபடி மேலே வரும்.

கடைந்து விட்டம் பெரிதாகிவிட்ட டிரம்மில் புதிய ஷூவைப் போட்டால் ஷூவின் நடுப்பகுதி மட்டுமே தொடும். ஷூவின் குறுக்கே சாக்பீஸால் கோடுகள் போட்டு டிரம்மை மாட்டி, பெடலை லேசாக மிதித்தபடி சுழற்றிப் பாருங்கள். கோடுகள் எங்கே அழிகின்றனவோ அங்கேதான் தொடுகிறது. நடுவில் மட்டும் அழிந்தால் ஷூவின் வளைவை டிரம்முக்கு ஏற்பத் தேய்த்துப் பொருத்த வேண்டும்.

முன்சக்கர டிரம்மில் இரண்டு ஷூவும் முன்னோக்கிப் பிடிக்கும் அமைப்புள்ள கார்களில், பின்தகடுகள் இடம் வலமாக மாறிப் பூட்டப்பட்டிருந்தால் விசித்திரமான ஒன்று நடக்கும்: முன்னோக்கிச் செல்லும்போது பெடல் கல், பின்னோக்கிச் செல்லும்போது பிரேக் கச்சிதம். முழுவதும் பிரித்துப் பூட்டிய காரில் புதிய பாகங்களே இருந்தும் பிடிப்பில்லை என்றால், ரிவர்ஸில் ஒருமுறை மெதுவாகப் பிடித்துப் பாருங்கள்.

8. ஓட ஓட இறுகும் பெடல்

இங்கே வரிசையே எல்லாம். பெடல் இறுகி, சக்கரங்கள் பிடித்திருக்கும் நிலையிலேயே காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரக் கட்டைகளை வைத்து, ஒரு முன்சக்கரத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். பெடலைச் சில முறை மிதித்து வேக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். சக்கரம் கைக்குச் சுழலாது. இப்போது மேலிருந்து கீழாகச் செல்லுங்கள்.

முதலில், மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளை 2 அல்லது 3 மி.மீ. தளர்த்தி அதை முன்னே நகர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் பிஸ்டனைத் தள்ளும் கம்பியான புஷ் ராட் நீளமாக இருக்கிறது. பிஸ்டன் முழுவதும் பின்னே வராததால், சூட்டில் விரியும் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் சிறு துளை மூடியே கிடக்கிறது. கம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருக்க வேண்டும். பூஸ்டர் இல்லாத காரில் பெடலின் நெம்புவிகிதம் 6 எனில், கம்பி முனையின் 1 மி.மீ. இடைவெளி பெடலில் 6 மி.மீ. வெற்றோட்டமாகத் தெரியும். சரியான அளவைக் காரின் கையேட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

விடுபடவில்லையென்றால் நட்டுகளை இறுக்கிவிட்டு, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளிவரும் குழாயின் நட்டைத் துணி சுற்றித் தளர்த்துங்கள். இப்போது விடுபட்டால் அந்தச் சிறு துளை அழுக்கால் அடைபட்டிருக்கிறது, அல்லது சீல் ஊதி அதை மறைத்திருக்கிறது.

அப்போதும் விடுபடாமல், சக்கரத்திலுள்ள பிளீடரைத் திறந்ததும் ஆயில் பீய்ச்சியடித்துச் சக்கரம் சுழன்றால், இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் வீங்கி ஒருவழி வால்வாக மாறியிருக்கிறது. வெளியே புதிது போலிருக்கும் ஹோஸும் இப்படி ஆகும். பிளீடரைத் திறந்தும் பயனில்லையென்றால் பிஸ்டனோ ஷூவோ துருவால் ஜாம் ஆகியிருக்கிறது.

பலரும் பிளீடரைத்தான் முதலில் திறக்கிறார்கள், கைக்கு எட்டுகிறது என்பதால். மேற்சொன்ன காரணங்களில் எதுவாக இருந்தாலும் ஆயில் அழுத்தம் அங்கே இறங்கிவிடும். எது என்று தெரியாது. மீண்டும் ஓட்டிச் சூடாக்கிப் பழுதை உருவாக்க வேண்டியதுதான்.

9. ஓடாமலே இறுகியிருந்தால்: குழாயைத் திறந்து பிரித்தல்

7ஆம் பகுதியில் சுழன்ற சக்கரத்தின் பிளீடரில் குழாயை மாட்டித் திறந்து, பெடலை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். ஆயில் தாராளமாக வந்தால் பாதை நன்று; பழுது காலிப்பரின் அல்லது வீல் சிலிண்டரின் பிஸ்டனில். சொட்டுச் சொட்டாக வந்தால் ஹோஸின் மேல்முனையைத் தளர்த்தி மீண்டும் பாருங்கள்; அங்கே தாராளமாக வந்தால் ஹோஸ்தான். அங்கும் இல்லையென்றால் நசுங்கிய உலோகக் குழாயைத் தேடிக்கொண்டு மாஸ்டர் சிலிண்டர்வரை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னே செல்லுங்கள்.

மாஸ்டர் சிலிண்டரின் வெளிவாயில்களையே திறந்த பிறகும் பெடல் இறங்கவில்லையென்றால், அதற்குக் கீழே உள்ள எதுவும் காரணமில்லை. அதைக் கழற்றி மழுங்கிய மரக்குச்சியால் பிஸ்டனை அழுத்துங்கள். வழுவழுப்பாக உள்ளே போய், விட்டதும் முழுவதும் திரும்ப வேண்டும்.

10. தவறான ஆயில், தவறான அளவு

பேச்சில் நாம் ‘பிரேக் ஆயில்’ என்கிறோம். ஆனால் டாட் 3, டாட் 4 திரவங்கள் எண்ணெயே அல்ல. அவை கிளைக்கால் வகை. அந்தப் பெயரை நம்பி எஞ்சின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ ஊற்றினால் சீல்கள் ஊதிப் பெருத்து 8ஆம் பகுதியில் சொன்ன துளையை அடைத்துவிடும். டப்பா மூடியின் ரப்பர் உப்பி நெளிந்திருப்பதே முதல் அடையாளம். புட்டியில் தண்ணீர் எடுத்துச் சில சொட்டுகள் விடுங்கள்: கிளைக்கால் கலந்துவிடும், எண்ணெய் மிதக்கும். சிலிக்கோன் வகையான டாட் 5 திரவமும் தண்ணீரில் கலக்காது என்பதால், முன்பு அதை ஊற்றியிருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் என்று உறுதியானால் சீல், ஹோஸ் என்று திரவம் தொட்ட எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும். ஒன்றிரண்டை விட்டுவைத்தால் பழுது சில வாரங்களில் திரும்பிவரும்.

பாகம் மாற்றிய பிறகு தொடங்கிய இறுக்கமென்றால் துளை விட்டத்தைச் சரிபாருங்கள். 3/4 அங்குல மாஸ்டர் சிலிண்டருக்குப் பதில் 7/8 அங்குலம் போட்டால் பிஸ்டன் பரப்பு 36 சதவீதம் கூடுகிறது; அதே கால்பலத்துக்குக் குழாயில் கிடைக்கும் அழுத்தம் முன்பிருந்ததில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. பெரியது போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்ற எண்ணம் இங்கே தலைகீழ். அதேபோல் பூஸ்டரை அகற்றிவிட்டுப் பெடலை அப்படியே விட்டாலும் கனக்கும். பூஸ்டர் உள்ள பெடல்களின் நெம்புவிகிதம் பெரும்பாலும் 4 அளவில்தான் இருக்கும், இல்லாதவற்றுக்கு 6 அளவில் தேவை.

11. பூட்டிய பிறகு

கையேடு வேறு வரிசை சொல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுங்கள். பெயிண்டில் சிந்திய ஆயிலை உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். துடைத்தால் மட்டும் போதாது. நான்காம் பகுதியின் மூன்று சோதனைகளையும், ஏழாம் பகுதியின் சுழற்றும் சோதனையையும் மீண்டும் செய்யுங்கள்.

பிறகு மைதானத்தில் நடை வேகத்தில் பிடித்துப் பார்த்து, ஹேண்ட் பிரேக் வேலை செய்வதையும் உறுதிசெய்துகொண்டு, படிப்படியாக வேகம் கூட்டுங்கள். பத்து நிமிட ஓட்டத்துக்குப் பின் பிரேக் போடாமலே காரை உருளவிட்டு நிறுத்தி, டிரம்மையோ டிஸ்க்கையோ தொடாமல், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டி வெப்பத்தை ஒப்பிடுங்கள். முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவிலும், பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவிலும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தச் சக்கரத்தைத் தூக்கி, 8ஆம் பகுதியை அதற்கு மட்டும் திரும்பச் செய்யுங்கள்.